குளிகையில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் இராகு காலம். மற்ற வீடுகளில் ஒன்றரை மணி நேரம்தான். கூடுதலாக வரும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு நானே பொறுப்பு.

பல ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலில் திருவிழா மலர் போட்டார்கள். என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தேதியும் நேரமும் பிசகினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இருபது வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பது வரை அதில் இருக்கும். அப்படிப்பட்டவனிடம் கட்டுரை கேட்டால் என்ன வரும்? நாட்காட்டியில் போடுகிற இராகு காலம், காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டு பிரித்தது. கோலாலம்பூரில் சூரியன் ஏழேகால் வாக்கில்தான் எழுகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றேகால் மணி நேரம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அட்டவணையோடு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை என்று நாட்காட்டி சொன்னால், இங்கே அது இரண்டே முக்காலிலிருந்து நாலேகால் வரை. இராகுவும் உள்ளூர் நேரப்படிதானே வேலைக்கு வரவேண்டும் என்பது என் வாதம்.

அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தவர் எனக்குத் தெரிந்து என் மனைவி ஒருத்திதான். படித்ததோடு நிற்காமல் நம்பியும் விட்டாள்.

"நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கும்," என்றாள். "ஆனா எங்க அக்கா பழைய நேரத்தத்தான் பாக்கும். எதுக்கு வம்பு? ரெண்டையும் பாத்துக்குவோம்லா."

அன்றிலிருந்து இரண்டையும் பார்க்கிறோம். ஒரு முறை சலவை இயந்திரம் வாங்க இரண்டுக்கும் பொதுவான நல்ல நேரம் அமையாமல் மூன்று வாரம் துணியைக் கையால் துவைத்தோம். துவைத்தவள் அவள், நாட்குறிப்பில் 'துவைத்தோம்' என்றுதான் இருக்கிறது.

இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லி வைக்கக் காரணம், இந்த ஆண்டு மார்ச் மாதம் எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை 9.40க்கு என் மனைவியின் பணிக்கொடை அவளுடைய வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்ததற்கான மொத்தத் தொகை. அது எவ்வளவு என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

அவளுடைய முதல் சம்பளத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் எல்லாம் கிள்ளானில் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போனது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த அடுக்குமாடி வீட்டின் தவணைக்குப் போனது. தவணை முடிந்த மாதமே மகள் கல்லூரிக்குப் போனாள். ஆக, தன் பெயரில் தனக்கென்று ஒரு தொகை அவளிடம் வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கேட்பதற்கு எளிய ஆசையாகத் தெரியும். எங்கள் குடும்பங்களில் இதைவிடக் கடினமான ஆசை கிடையாது. சும்மா இருக்கிற பணம், கல்யாண மண்டபத்தில் காலியாக இருக்கிற நாற்காலி மாதிரி. "இங்க யாராவது வராங்களா?" என்று ஒருவர் கேட்பார், நாம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிடுவார். அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டைக் கையில் எடுக்கிறார்கள். வட்டிக்காக என்று பத்திரிகைகளில் நிபுணர்கள் எழுதுகிறார்கள். வட்டி அப்புறம். யாராவது வந்து கேட்டால், "ஐயோ, நேத்துத்தானே ஃபிக்ஸட்ல போட்டேன், எடுக்க முடியாதே," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லலாம் இல்லையா, அந்த ஒரு வாக்கியத்துக்காக. இல்லை என்று நாம் சொல்ல வேண்டாம். வங்கி சொல்லிவிடும்.

அவள் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது கிள்ளானில் இருக்கும் என் சகலைக்கு. அதாவது அவள் அக்காவின் கணவருக்கு. சகலை துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாதமே முதலீட்டுத் திட்டங்கள் விற்கும் முகவராகிவிட்டார். நீல நிறக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஒரு வரைபடம். இடது கோடியில் தரையில் கிடக்கும் கோடு வலது கோடியில் கூரையைத் தொடும். நல்ல மனிதர். எங்கள் சொந்தத்தில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாத வயதுவந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவருக்கு மட்டும் என்றால் அவள் எப்படியாவது சமாளித்திருப்பாள். ஆனால் அவர் பின்னால் அக்கா நிற்கிறாள். தங்கை ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதற்காகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள் அக்கா. அக்கா வீட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதற்கு முடியாது என்று சொல்ல என் மனைவிக்கு வாய் வராது. அவளே சொன்னாள்: "அத்தான் அந்த ஃபைல தொறந்து, அக்கா பக்கத்துல உக்காந்துச்சுன்னா, நான் போட்டுருவேங்க. என் கை தானா போட்டுரும்."

ஆகவே, அந்தக் கோப்பு வீட்டுக்குள் வருவதற்குள் பணம் பூட்டப்பட வேண்டும். இதில் நான் அவள் பக்கம். முழு மனதோடு.

இந்த இடத்தில் இன்னொரு காகிதத்தைப் பற்றியும் பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் தெருவின் வரலாற்றை என் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து வைத்திருக்கிறேன். அறுநூற்றுச் சொச்சம் பக்கம். ரவாங்கில் ஓர் அச்சகத்தில் விலைப்பட்டியல் வாங்கியிருந்தேன்: ஐந்நூறு பிரதி, கெட்டி அட்டை, முதுகில் தங்க நிற எழுத்து. பணிக்கொடை வந்த மறுநாள், சனிக்கிழமை, அந்தப் பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி, ஓரத்தில் 'தகவலுக்காக மட்டும்' என்று எழுதி வைத்தேன். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. தகவல் என்றால் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில்தானே வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. தெருமுனை வங்கியில் பன்னிரண்டு மாத ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குச் சலுகை வட்டி. இரண்டு நிபந்தனைகள்: பணம் வேறு வங்கியிலிருந்து வரவேண்டும், வருகிற வெள்ளிக்கிழமையோடு சலுகை முடிகிறது. மனைவி அதை இரண்டு முறை படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டி விகிதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள்.

திங்கட்கிழமை காலை சகலை தொலைபேசியில் வந்தார்.

"என்ன சகல, டீச்சருக்குக் காசு வந்துருச்சாமே?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அதெல்லாம் தெரியும்லா. சகல, அந்தக் காசு பேங்க்ல படுத்துத் தூங்குது. எங்கிட்ட குடுங்க, எழுந்து ஓடும்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஓடிரும்னுதான் பயமே," என்று வாயசைத்தாள்.

"வியாழக்கிழம சாய்ந்தரம் வரோம். குருவாரம். நல்ல நாளு. ஆறு மணிக்கு மேல எந்தத் தொந்தரவும் இல்ல. ஐசி மட்டும் ரெடியா வெச்சுக்கச் சொல்லுங்க."

ஐசி என்பது அடையாள அட்டை; கையெழுத்துக்கு அது வேண்டும். ஆக, வியாழன் மாலை ஆறு மணி எங்கள் கெடு. உடனே நாட்காட்டியை மேசையில் விரித்தோம். திங்கட்கிழமை அமாவாசைக்கு முந்திய நாள் என்று போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பணம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமையும் அப்படியே, அதோடு அது கெடு தாண்டிய நாள்.

"கொஞ்சம் பொறு," என்றேன். "ஃபிக்ஸட்ல போடுறது காசு வெளிய போறதாகுமா? அது நம்ம காசுதானே. நம்ம பேருலதானே இருக்கு."

"பீரோவுல இருந்தா உள்ள இருக்குன்னு அர்த்தம். அங்க போட்டா நாமளே கேட்டாலும் குடுக்க மாட்டான். அப்ப வெளிய போனதுதானே?"

"அது இப்பவும் பேங்க்லதானே இருக்கு? பீரோவுல இல்லையே."

"இது என் பேங்க். அது வேற பேங்க்."

முன்னுதாரணம் பார்ப்போம் என்று பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். இதுவரை எங்கள் வீட்டிலிருந்து போன பெருந்தொகைகளையும் போன கிழமைகளையும் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. செவ்வாய்க்கிழமை முன்பணம் கட்டிய கார் பதினைந்து ஆண்டு ஓடியிருந்தது. நல்ல நாள் பார்த்துப் புதன்கிழமை எடுத்த காப்புறுதிப் பாலிசியை மூன்றே ஆண்டில் பாதித் தொகைக்கு முறித்திருந்தோம். இதை அவளிடம் ஆதாரத்தோடு காட்டினேன்.

"அந்தக் கார் எத்தன தடவ லோரிமேல ஏறி வீட்டுக்கு வந்துச்சு? அத எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைத்திருந்தேன். நான்கு தடவை. நாட்குறிப்பை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை எதுவும் செய்யக் கூடாத நாள் என்பதால் பேசித் தீர்த்தோம். புதன்கிழமை அவளுடைய வங்கியில் காசோலை எடுப்பது. வியாழக்கிழமை காலை தெருமுனை வங்கியில் போடுவது. நேரம்தான் பாக்கி. அவளுக்குக் குளிகையில் போட ஆசை. குளிகை நேரத்தில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நகை வாங்குவார்கள், சேமிப்பு தொடங்குவார்கள். கடன் வாங்கமாட்டார்கள், சவம் எடுக்கமாட்டார்கள். வியாழக்கிழமை குளிகை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. நல்லது, தாராளமாக ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்றேன்.

"அது பழைய நேரம். உங்க நேரப்படி?"

என் நேரப்படி பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். இரண்டு குளிகையும் ஒன்றாக இருப்பது பத்தேகாலிலிருந்து பத்தரை வரை. பதினைந்து நிமிடம்.

"போதும்," என்றாள். "ஒரு கையெழுத்துத்தானே."

"அந்தக் கட்டுரைய நான் வாபஸ் வாங்கிக்கிறேன்னு வெச்சுக்க. ஒன்றரை மணி நேரம் கெடைக்கும்."

"உண்மைய எழுதிட்டு வாபஸ் வாங்குவாங்களா?"

நாட்குறிப்பில் 10.15 – 10.30 என்று எழுதிக்கொண்டேன். அவள் செய்த அடுத்த காரியத்துக்கு இன்றுவரை விளக்கம் இல்லை. பழைய நேரம் சரிதானா என்று உறுதிப்படுத்த ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அக்காவிடமிருந்து பணத்தைக் காப்பாற்ற எது நல்ல நேரம் என்று அக்காவையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, வியாழக்கிழம குளிகை ஒம்போதுலருந்து பத்தரைதானே?"

"ஆமா. எதுக்குக் கேக்குற?"

"சும்மா."

"சும்மா எவளாவது குளிகை கேப்பாளா? எந்த பேங்க்?"

என் மனைவி முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள். வங்கியின் பெயர், தெரு, எதிரில் இருக்கும் பூக்கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நான் காலையிலேயே வரேன். அங்கயே வந்துர்றேன்," என்று அக்கா வைத்துவிட்டாள்.

மனைவி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "அக்கா ஃபைலோட வரும்ங்க," என்றாள்.

புதன்கிழமை காசோலை எடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தாள். திருநீறு பட்டால் வங்கி இயந்திரம் படிக்காதே என்று நான் சொல்ல, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உறைக்கு மேல் பொட்டு வைத்தாள். இப்படித்தான் எங்கள் வீட்டில் அறிவியலும் நம்பிக்கையும் ஒத்துப்போகின்றன.

வியாழக்கிழமை 9.35க்கு வங்கியை அடைந்தோம். நான் கருப்புக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தேன். எங்கள் இருவர் ஐசியையும் இரண்டிரண்டு நகல் எடுத்து ஓர் உறையில் வைத்திருந்தேன். இருவர் பெயரிலும்தானே போடப் போகிறோம். எங்கள் வீட்டில் கேஸ் உருளைகூட இருவர் பெயரில்தான் பதிந்திருக்கிறது. இயந்திரத்தில் எண் எடுத்தோம். எங்களுக்கு முன் ஒன்பது பேர். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 10.20. என் கணக்கில் நானே மயங்கி உட்கார்ந்தேன்.

அன்றைக்கென்று எல்லாருக்கும் சுருக்கமான வேலை. ஒருவர் பேனா கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 10.04க்கு எங்கள் எண் திரையில் வந்தது.

மனைவி எழவில்லை. நானும் எழவில்லை. முகப்பில் இருந்த இளம்பெண் எங்களைப் பார்த்தாள். நம் பெண்தான்.

"ஆன்டி, உங்க நம்பர்தானே?"

"பரவாயில்லமா. அடுத்தவங்களப் பாரு."

"உங்களுக்குத்தான் வந்திருக்கு ஆன்டி. வாங்க."

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்குமா," என்றேன் நான்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "குளிகையா அங்கிள்?" என்றாள். "அது ஒம்போதுக்கே ஆரம்பிச்சிருச்சே."

"அது இந்தியச் சூரியனுக்கு," என்று தொடங்கினேன். மனைவி என் முழங்கையை அழுத்தினாள்.

பின்னால் இருந்த சீனப் பெரியவருக்கு எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் எண்ணை வாங்கிக்கொண்டோம். அவர் காரணம் கேட்கவில்லை. "நல்ல நேரமா?" என்று மட்டும் மலாயில் கேட்டார், தன் மகள் கல்யாணத்துக்கும் இப்படிக் காத்திருந்ததாகச் சொல்லிவிட்டு முகப்புக்குப் போனார்.

10.12க்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். கோமுட்டர் இரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை. ஒரு கையில் குடை. அக்குளில் நீலக் கோப்பு.

என் மனைவி எழுந்து நின்றாள். அவள் விரல்கள் காசோலை உறையின் விளிம்பை மடித்து மடித்து நிமிர்த்தின. அக்கா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க அத்தான் குடுத்து அனுப்பிச்சாரு. பேங்க்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுப் பாக்கச் சொன்னாரு," என்றாள்.

"படிக்கிறேன் அக்கா."

"இப்ப மணி என்னா?"

"பத்து பதிமூணு," என்றேன்.

அக்கா கோப்பைத் திறந்தாள். வரைபடம் தெரிந்தது. மனைவியின் வலது கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவைத் தேடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா அந்தப் பக்கத்தை எடுத்து, நான்காக மடித்து, விசிறிக்கொள்ளத் தொடங்கினாள்.

"என்னா வெக்க," என்றாள். "ட்ரெயினு இருபது நிமிஷம் லேட்டு. நான் வந்து சேர்றதுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன். பேனாவ அதுக்கு எடுக்காத. அங்க எடு."

என் மனைவி அக்காவின் குடையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

10.17க்குத் திரையில் எண் மாறியது. மூவரும் போனோம், நாற்காலி இரண்டுதான். சகோதரிகள் உட்கார்ந்தார்கள், நான் பின்னால் நின்றேன். பெண் காசோலையை வாங்கினாள். கணினியில் தட்டினாள். கணினி யோசித்தது. 10.21. வட்டம் சுற்றியது. 10.23. அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

"வந்துருச்சு," என்றாள் பெண். "ஆன்டி, ஒரு பேரா, ஜாயிண்டா?"

நான் உறையைத் திறந்து என் ஐசியையும் நகல்களையும் மேசைமேல் வைத்தேன்.

"ஒரு பேரு," என்றாள் என் மனைவி.

பெண் என் ஐசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சிங்கிள்லா?"

"ஆமாம்மா. என் பேரு மட்டும்."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. கேஸ் உருளை இருந்தது. ஆனால் மணி 10.24. குளிகை, அதுவும் இரண்டு குளிகையும் சேர்ந்து நடக்கிற நேரம். இந்த நேரத்தில் தொடங்குவது எதுவும் திரும்பத் திரும்ப நடக்கும். இங்கே நான் ஒரு சண்டையைத் தொடங்கினால் அது எத்தனை வருடத்துக்கு நடக்கும் என்பதை என்னைவிட நன்றாக யாரும் கணக்குப் போட முடியாது. வாயை மூடிக்கொண்டேன். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேசமாட்டேன் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது.

"நாமினி யாரு ஆன்டி?"

"இவருதான். அது நான் போனதுக்கப்புறம்."

"ஒரு வருஷம் முடிஞ்சதும் காசு எடுத்துக்குவீங்களா, இல்ல ஆட்டோ ரினியூவா?"

"ஆட்டோ போடுமா. அதுக்குத்தானே இந்த நேரம் பாத்து வந்தது."

10.27க்குக் கையெழுத்துப் போட்டாள். கரும்பலகையில் எழுதுகிற அதே எழுத்து; நிறுத்தி, நேராக, எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி. பெண் முத்திரையைக் குத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கு அங்கிள்," என்று சிரித்தாள். மூன்று நிமிடம். வங்கிக் கடிகாரம் ஒரு நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

வெளியே வந்து எதிர்வரிசைக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்தோம். மனைவி பக்கத்துக் கடைக்குப் பூ வாங்கப் போனாள். நான் ஐசி நகல்களைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கோவமா தம்பி?" என்றாள் அக்கா.

"கோவமெல்லாம் இல்ல. நான் அவ பக்கம்தானே நின்னேன். உங்க வீட்டுக்காரருக்குப் பயந்துதானே இவ்வளவும்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு ஃபைலு கொண்டாந்தாரு. நீங்க பிரிட்ஜுல காயிதம் ஒட்டுனீங்க. எனக்கு அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பிச்சிட்டா. அவருக்காச்சும் கிள்ளான்லருந்து வரணும். நீங்க அவ கூடவே இருக்கீங்க."

"அது தகவலுக்காக மட்டும்," என்றேன்.

"அவரு ஃபைலுலயும் அப்படித்தான் போட்டுருக்கு," என்றாள் அக்கா. "கீழ, சின்ன எழுத்துல."

மாலை 6.10க்குச் சகலை வந்தார். செய்தியைக் கேட்டார். நம்பிக்கை இழக்காத மனிதர் என்பதால் முதலில் இரயில் சேவையைத் திட்டினார். பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே சகோதரிகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் முறுக்கு சாப்பிட்டோம்.

"எத்தன மாசம் போட்டுருக்கு சகல?"

"பன்னெண்டு."

"அப்ப அடுத்த மார்ச்." தொலைபேசியில் குறித்துக்கொண்டார். நான் காலையிலேயே குறித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

"ஆட்டோ ரினியூவல்!" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

சகலை முறுக்கைக் கீழே வைத்தார். "உங்க சேமநிதி என்னா சகல ஆச்சு? எடுத்துட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அது ஃபிக்ஸட்டில் இருக்கிறதே, எடுக்க முடியாதே என்றேன். அது சொல்லக் கூடிய வாக்கியம்தான். நன்றாகவே வருகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 6.50க்குப் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனேன். ரவாங் அச்சகத்தின் விலைப்பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அதன்மேல், அதே காந்தத்தின் கீழ், ஃபிக்ஸட் டெபாசிட் சான்றின் நகல் ஒன்று ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுதும் கொட்டை எழுத்தில்: 'தகவலுக்காக மட்டும்.'